ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா? எச்-1பி 'ஸ்டாம்பிங்' சிக்கல் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

டல்லாஸில் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் பொறியாளரை நினைத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் திருநெல்வேலி. அமெரிக்கா போய் எட்டு வருஷம் ஆகிறது. வரி கட்டுகிறார், வீட்டுக் கடன் கட்டுகிறார், மகள் அங்கேதான் பள்ளிக்கூடம் போகிறாள். ஒருநாள் ராத்திரி ஊரிலிருந்து அக்கா போன் செய்கிறார். "தம்பி, அப்பாவ ஐசியூல சேர்த்திருக்கு. சீக்கிரம் கிளம்பி வா."

டிக்கெட் விலை, லீவு எல்லாம் அப்புறம். அவர் முதலில் எடுத்துப் பார்ப்பது பாஸ்போர்ட்டை. அதில் ஒட்டியிருக்கும் விசா போன வருஷமே காலாவதியாகிவிட்டது.

அமெரிக்காவில் அவர் முழுக்க முழுக்க சட்டப்படிதான் இருக்கிறார். அவரை யாரும் வெளியேறச் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு வந்துவிட்டால், புது விசா கையில் கிடைக்கும்வரை திரும்பிப் போக முடியாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

அவர் கற்பனை மனிதர்தான். சிக்கல் கற்பனை இல்லை. 2025 டிசம்பரில், விசா நேர்காணலுக்காக இந்தியா வந்திருந்த பலரின் அப்பாயின்ட்மென்ட் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. வேலை அங்கே, ஆள் இங்கே என்று ஆகிவிட்டது. இது ஏன் நடக்கிறது, யாருக்கு ஆபத்து அதிகம், டிக்கெட் போடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசா வேறு, அங்கே இருக்கும் அனுமதி வேறு

ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு ஐடி பார்க்கை எடுத்துக்கொள்வோம். வாசலில் செக்யூரிட்டி உங்கள் கேட் பாஸைப் பார்த்து உள்ளே விடுகிறார். உள்ளே போன பிறகு, சீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது யாரும் அந்தப் பாஸைக் கேட்பதில்லை. டீ குடிக்க வெளியே போய்த் திரும்பி வரும்போதுதான் மறுபடியும் கேட்பார்கள். பாஸ் காலாவதியாகி இருந்தால், உங்கள் வேலை, சீட், லேப்டாப் எல்லாம் உள்ளேயே இருந்தாலும் நீங்கள் வெளியேதான் நிற்க வேண்டும்.

அமெரிக்க விசாவும் அப்படித்தான். பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா, நாட்டின் வாசலுக்கு வர மட்டுமே. எத்தனை நாள் இருக்கலாம் என்பதை அது முடிவு செய்வதில்லை. எச்-1பியில் மூன்று ஆவணங்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. மூன்றையும் தருவது மூன்று வெவ்வேறு அரசு அமைப்புகள்.

ஐ-797: உங்கள் நிறுவனம் போட்ட மனுவை அமெரிக்கக் குடியேற்றச் சேவைகள் துறை ஏற்றுக்கொண்டதற்கான கடிதம். 'இந்த நிறுவனத்தில், இந்த வேலையில், இந்தத் தேதிவரை' என்று அதில் இருக்கும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. மொத்தம் வழக்கமாக 6 ஆண்டு.

விசா ஸ்டாம்ப்: தூதரகமோ துணைத் தூதரகமோ தருவது. நாட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க உதவும் சீட்டு இது.

ஐ-94: விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி உங்களை உள்ளே விடும்போது உருவாகும் பதிவு. நீங்கள் எந்தத் தேதிவரை அங்கே இருக்கலாம் என்பதைச் சொல்வது இதுதான். விமானத்தில் வருபவர்களுக்கு 2013 முதல் இது ஆன்லைன் பதிவுதான். அதனால் பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

நம் டல்லாஸ் பொறியாளரின் நிறுவனம் சரியான நேரத்தில் நீட்டிப்பு மனு போட்டது. புது ஐ-797 வந்தது, அதன் கீழேயே புது ஐ-94ம் வந்தது. ஆகவே அவர் அங்கே இருப்பது சட்டப்படி சரி. பாஸ்போர்ட்டில் இருக்கும் ஸ்டாம்ப் மட்டும் பழசு. அமெரிக்காவை விட்டு வெளியே போகாதவரை அதனால் ஒரு பிரச்சினையும் இல்லை.

அமெரிக்காவிலேயே ஸ்டாம்ப் வாங்க முடியாதா?

ஒரு காலத்தில் முடிந்தது. எச்-1பி உள்ளிட்ட சில விசாக்களை, பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பி உள்நாட்டிலேயே புதுப்பித்துக்கொள்ளும் வசதி 2004 ஜூலை வரை இருந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வந்த சட்டம், விசாவுக்குக் கைரேகை போன்ற உடல் அடையாளங்களைக் கட்டாயமாக்கியது. உள்நாட்டில் அதற்கான ஏற்பாடு இல்லை என்று சொல்லி அந்த வசதியை நிறுத்திவிட்டார்கள்.

சுமார் 20 ஆண்டுகள் கழித்து, 2023 ஜூனில் பிரதமர் மோதி அமெரிக்கா சென்றபோது உள்நாட்டுப் புதுப்பித்தல் பற்றிய அறிவிப்பு வந்தது. 2024 தொடக்கத்தில் 20,000 பேருக்கு மட்டும் சோதனை முறையில் நடத்திப் பார்த்தார்கள். குறிப்பிட்ட காலத்தில் இந்தியாவிலோ கனடாவிலோ எச்-1பி விசா வாங்கியவர்களுக்கு மட்டுமே அதில் இடம். சோதனை முடிந்தது. ஆனால் அது எல்லோருக்குமான நிரந்தர வசதியாக மாறவில்லை.

ஆகவே வெளிநாடு போனால்தான் ஸ்டாம்ப். இந்தியர்களுக்கு அது சென்னை, ஹைதராபாத், மும்பை, டெல்லி, கொல்கத்தா. சென்னை அண்ணா சாலையில் ஜெமினி மேம்பாலம் பக்கம் போகிறவர்கள் காலையில் பார்க்கும் அந்த ஃபைல் பிடித்த வரிசையில், முதல்முறை போகிறவர்களோடு பத்து வருஷம் அங்கே வாழ்ந்தவர்களும் நிற்பது இதனால்தான்.

2025ல் என்ன மாறியது?

ஸ்டாம்பிங் எப்போதுமே கொஞ்சம் டென்ஷன்தான். ஆனாலும் முன்பு சில எளிய வழிகள் இருந்தன. 2025ன் கடைசி நான்கு மாதங்களில் அவை அடுத்தடுத்து அடைபட்டன.

செப்டம்பர் 2: 'டிராப்பாக்ஸ்' முடிந்தது. ஏற்கெனவே விசா வாங்கியவர்கள் நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் கொடுத்துப் புதுப்பிக்கும் வசதி அது. எச்-1பி புதுப்பிப்பவர்கள் உட்படப் பெரும்பாலானோர் இப்போது நேரில் போயாக வேண்டும்.

செப்டம்பர் 6: சுற்றுலா, வேலை, படிப்பு போன்ற தற்காலிக விசாக்களுக்கு விண்ணப்பிப்பவர்கள், தங்கள் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோ விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை சொன்னது. இந்தியாவில் ஸ்லாட் இல்லையென்றால் வேறொரு நாட்டுக்குப் போய் ஸ்டாம்ப் வாங்கி வருவது அதுவரை பலருக்கும் தெரிந்த வழி. அதுவும் போயிற்று.

செப்டம்பர் 19: புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அதிபர் டிரம்ப் அறிவித்தார். செப்டம்பர் 21 முதல் அமல். அந்த வார இறுதியில், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களும் கட்ட வேண்டுமோ என்ற பயத்தில் விடுமுறையைப் பாதியில் விட்டுத் திரும்பியவர்கள் உண்டு. பயணத்தையே ரத்து செய்தவர்களும் உண்டு. புதிய மனுக்களுக்கு மட்டும்தான் என்று வெள்ளை மாளிகை அடுத்த நாள் விளக்கம் தந்தது.

டிசம்பர் 15: எச்-1பி விண்ணப்பதாரர்கள், அவர்களுடைய துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தரப்படும் எச்-4 விண்ணப்பதாரர்கள் ஆகியோரின் சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் நடைமுறை தொடங்கியது. கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி 'பப்ளிக்' ஆக வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதால், ஒரு நாளில் நடத்தும் நேர்காணல்களின் எண்ணிக்கை குறைந்தது. டிசம்பர் மத்தியில் இந்தியாவில் நேர்காணல் வைத்திருந்த பலருக்கு, 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தேதி மாறியதாக மின்னஞ்சல் வந்தது. அதற்குள் பலர் விமானம் ஏறி ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

இந்தியர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை சிரமம்?

விதி எல்லோருக்கும் ஒன்றுதான். அது அழுத்துவது மட்டும் நம்மவர்களை அதிகமாக. இரண்டு காரணங்கள்.

முதலாவது, எண்ணிக்கை. 2024 நிதியாண்டில் ஏற்கப்பட்ட எச்-1பி மனுக்களில் சுமார் 71 சதவீதம் இந்தியாவில் பிறந்தவர்களுடையவை.

இரண்டாவது, கிரீன் கார்டு. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள் தரப்படுகின்றன. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது சட்டம். இந்தியாவுக்கும் ஒரு குட்டி நாட்டுக்கும் ஒரே உச்சவரம்பு. மற்ற பல நாட்டுக்காரர்கள் சில ஆண்டுகளில் கிரீன் கார்டு வாங்கி ஸ்டாம்பிங் கவலையிலிருந்து விடுபட்டுவிடுகிறார்கள். இந்தியர்களோ, ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்ட பிறகும், 6 ஆண்டு வரம்பைத் தாண்டி மூன்று மூன்று ஆண்டுகளாக எச்-1பியை நீட்டித்துக்கொண்டே காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு நீட்டிப்புக்குப் பிறகும், முதல்முறை ஊருக்கு வரும்போது ஒரு ஸ்டாம்பிங்.

'தற்காலிக வேலையாள்' என்று எழுதப்பட்ட விதி, அங்கே வீடு வாங்கி, பிள்ளை பெற்று, பத்துப் பதினைந்து வருஷம் வாழ்ந்தவர்களுக்கும் பொருந்துகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்த ஒரு லட்சம் டாலர் யாருக்கு?

2025 அக்டோபர் 20 அன்று குடியேற்றச் சேவைகள் துறை தந்த விளக்கப்படி, 2025 செப்டம்பர் 21க்குப் பிறகு போடப்படும் புதிய மனுவில், அந்த நபர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்து, செல்லுபடியாகும் எச்-1பி விசாவும் இல்லாமல் இருந்தால் கட்டணம் உண்டு. அமெரிக்காவுக்குள் இருந்தபடியே நீட்டிப்பு பெறுபவர்களுக்கும், மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கும், அந்த நீட்டிப்போ மாற்றமோ ஏற்கப்பட்டால், கட்டணம் இல்லை.

இதில் இரண்டு பேர் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

ஒருவர், படிப்பை முடித்து எச்-1பிக்கு மாறக் காத்திருக்கும் மாணவர். நிலை மாற்ற மனு முடிவாகும் முன் அவர் நாட்டை விட்டு வெளியே போனால், அந்த மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். பிறகு வெளியிலிருந்து வரும் புதியவராகவே அவர் கருதப்படுவார். நிறுவனம் 1,00,000 டாலர் கட்ட வேண்டிய நிலை வரும். அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் வந்து போவதுகூட இந்தக் கட்டத்தில் வேலையையே காவு வாங்கலாம்.

இன்னொருவர், ஸ்டாம்ப் காலாவதியான நிலையில் ஊருக்கு வந்து, காத்திருக்கும்போதே வேலையை இழப்பவர். அமெரிக்காவுக்குள் இருக்கும்போது வேலை போனால், அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அந்தச் சமயத்தில் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இந்தியாவில் இருப்பவருக்கு அந்த அவகாசத்தால் பயன் இல்லை. புது நிறுவனம் அவருக்காக மனு போட்டால், அவர் 'வெளியே இருப்பவர், விசா இல்லாதவர்'. மேலே சொன்ன கட்டணம் அவருக்கும் பொருந்தும்.

மாட்டிக்கொண்டால் என்ன நடக்கும்?

"இந்தியாவுல இருந்தே லாகின் பண்ணி வேலை பார்க்க வேண்டியதுதானே?" என்று வீட்டில் கேட்பார்கள். சில வாரங்களுக்குப் பல நிறுவனங்கள் ஒத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் என்றால் சிரமம். சம்பளத்துக்கு எந்த நாட்டில் வரி, வாடிக்கையாளரின் தரவை வேறு நாட்டிலிருந்து தொடலாமா, சில தொழில்நுட்பங்களை வெளிநாட்டில் கையாள அனுமதி உண்டா என்று நிறுவனத்துக்கு ஏகப்பட்ட கேள்விகள். முடிவு முழுக்க நிறுவனத்தின் கையில். சிலருக்கு அது சம்பளமில்லா விடுப்பில் போய் முடியும்.

நேர்காணல் முடிந்தாலும் நிம்மதி உறுதி இல்லை. '221ஜி' என்ற சீட்டு கொடுத்து, கூடுதல் ஆவணம் வேண்டும் அல்லது கூடுதல் பரிசீலனை வேண்டும் என்று நிறுத்தி வைக்கலாம். அதற்கு இத்தனை நாள் என்ற கெடு கிடையாது.

அங்கே வீட்டு வாடகையும் கார் தவணையும் ஓடிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன். பள்ளி திறந்துவிட்டால் பிள்ளை போகலாம், அப்பா அம்மா போக முடியாது. இந்த நிலையை எத்தனை குடும்பங்கள் யோசித்து வைத்திருக்கின்றன?

ஒரே ஒரு ஆறுதல். எச்-1பியின் 6 ஆண்டுக் கணக்கில், அமெரிக்காவுக்கு வெளியே கழித்த நாட்கள் சேராது. விமானச் சீட்டு, பாஸ்போர்ட் முத்திரை போன்ற ஆதாரங்களை வைத்திருந்தால், அந்த நாட்களைப் பின்னர் கேட்டு வாங்கலாம். ஆகவே போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீர்கள்.

டிக்கெட் போடுவதற்கு முன்

1. ஸ்டாம்பின் தேதியைப் பாருங்கள். நீங்கள் திரும்பி இறங்கும் நாளில் விசா செல்லுபடியாக இருந்தால் புது ஸ்டாம்ப் தேவையில்லை. நிறுவனம் மாறியிருந்தாலும், பழைய நிறுவனத்தின் பெயர் உள்ள விசா காலாவதியாகாதவரை, புது நிறுவனத்தின் ஐ-797ஐக் காட்டி நுழையலாம். இது தெரியாமல் தேவையில்லாமல் ஸ்லாட் தேடுபவர்கள் உண்டு.

2. பாஸ்போர்ட்டின் தேதியையும் பாருங்கள். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐ-797ல் 2028 வரை அனுமதி இருந்தாலும், பாஸ்போர்ட் 2027ல் முடிவதாக இருந்தால், விமான நிலையத்தில் ஐ-94ஐ 2027 வரை மட்டுமே தரலாம். கணக்கில் வருவது ஐ-94தான். அதைக் கவனிக்காமல் விட்டால், உங்களை அறியாமலேயே சட்ட மீறலில் இருப்பீர்கள். பாஸ்போர்ட்டை முதலிலேயே புதுப்பியுங்கள். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் ஐ-94ஐ ஆன்லைனில் சரிபாருங்கள்.

3. மனு நிலுவையில் இருக்கும்போது கிளம்பாதீர்கள். நிலை மாற்றம், நீட்டிப்பு எதுவாக இருந்தாலும் நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஸ்லாட் கிடைத்த பிறகு டிக்கெட். அதுவும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட். நேர்காணல் தேதி தள்ளிப்போகக்கூடும் என்று நினைத்தே திட்டமிடுங்கள்.

5. நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். "தாமதமானால் இந்தியாவிலிருந்து எத்தனை வாரம் வேலை பார்க்கலாம்?" என்று மேலாளரிடமும் எச்ஆரிடமும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

6. டிஎஸ்-160 படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை அது கேட்கிறது. ஒன்றை மறைத்துப் பின்னர் அது வெளியே வந்தால், பதிவை விட மறைத்ததே பெரிய பிரச்சினையாகும்.

7. அவசரம் என்றால் அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்கலாம். முதலில் கட்டணம் கட்டி, கிடைக்கும் சாதாரண தேதியைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு காரணத்தைச் சொல்லிக் கோரிக்கை வைக்கலாம். மருத்துவமனைக் கடிதம் போன்ற ஆதாரம் வேண்டும். ஏற்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை.

ஸ்டாம்ப் இல்லாமலேயே திரும்ப ஒரு வழி உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மட்டும் போய் 30 நாளுக்குள் திரும்பினால், செல்லும் ஐ-94 இருந்தால், காலாவதியான விசாவுடனும் நுழைய விடுவார்கள். அங்கே போய்ப் புது விசாவுக்கு விண்ணப்பித்தால் இந்தச் சலுகை இல்லை. இந்தியாவுக்கு வந்து போவதற்கும் இது உதவாது. கிரீன் கார்டின் கடைசிக் கட்டமான ஐ-485 விண்ணப்பம் போட்டவர்களுக்கு 'அட்வான்ஸ் பரோல்' என்ற பயண அனுமதி கிடைக்கும். அந்தக் கட்டத்தை எட்டவே இந்தியர்கள் பல்லாண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் பேச வேண்டிய விஷயம்

இங்கே இருக்கும் பெற்றோருக்கு இந்த ஐ-94, 221ஜி எதுவும் தெரியாது. "அவன் வர மாட்டேங்கிறான்" என்பது மட்டும்தான் தெரியும். வளைகாப்புக்கு வராத மகளும், பதினாறாம் நாள் காரியத்தை வீடியோ காலில் பார்த்த மகனும் மனசில்லாமல் அப்படிச் செய்யவில்லை என்பதை, நெருக்கடி வருவதற்கு முன்பே உட்கார்ந்து சொல்லிவிடுவது நல்லது. அவசரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட யார், கையெழுத்துப் போட யார், பணம் எந்தக் கணக்கில் என்பதையும் சேர்த்து.

நம் டல்லாஸ் பொறியாளருக்கு என்ன வழி? அன்று ராத்திரியே டிஎஸ்-160 நிரப்பி, கிடைக்கும் தேதியைப் பதிவு செய்து, மருத்துவமனைக் கடிதத்தோடு அவசர அப்பாயின்ட்மென்ட் கேட்கலாம். வழக்கறிஞருக்கும் மேலாளருக்கும் மின்னஞ்சல் போடலாம். பாஸ்போர்ட், ஐ-797, சம்பளச் சீட்டுகளைப் பையில் எடுத்து வைக்கலாம். அதன் பிறகு, திரும்பி வர மூன்று மாதம் ஆகலாம், வேலையே போகலாம் என்று தெரிந்தும் விமானம் ஏறுவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதை எந்த வழக்கறிஞரும் அவருக்காகச் சொல்ல முடியாது.

அந்த போன் இன்னும் வராதவர்களுக்கு அவகாசம் இருக்கிறது. இந்த வார இறுதியில் பாஸ்போர்ட், விசா, ஐ-797, ஐ-94 நான்கின் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்பும் முன் துணைத் தூதரகத்தின் இணையதளத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.